உரமூட்டும் மாவு

இராமநாதபுரம் மாவட்டம் வானம் பார்த்த பூமி. பாம்பன், மண்டபம், இராமேசுவரம் முதலிய கடற்கரை ஊர்களில் வாழும் எளிய மக்களுக்குச் சோற்றோடு சேர்ந்து உடல் வலிமை அளிப்பவை சாளை, நெத்திலி போன்ற சிறு மீன்களே. ஆயினும், மீனினம் பெருகும்பொருட்டு ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. அந்நாட்களில் மீன் அருகும், விலை ஏறும், பலர் வருவாயும் குன்றும். அக்காலத்தில் வளரும் பிள்ளைகள் நலியாதவாறு காப்பது எங்ஙனம்?

தசை, குருதி, தோல், மயிர் ஆகியவற்றை ஆக்கும் பொருள் புரதம். 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவனுக்கு நாளொன்றுக்கு 45 கிராம் புரதமும், மாணவிக்கு 43 கிராமும் வேண்டும் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டில் வகுத்தது. சோற்றை மட்டும் உண்டு இவ்வளவைப் பெறுதல் அரிது. இதனை அறிந்த இளைஞர் சிலர், புட்டிகளில் விற்கும் புரதப் பொடியை மிகுந்த விலை கொடுத்து வாங்குகின்றனர். அது வேண்டுவதன்று.

புரதம் அமினோ அமிலங்களால் ஆயது. தானியங்களில் லைசின் என்னும் அமிலம் குறைவு; பருப்புகளில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்துண்டால் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்யும். விலை மிக்க உணவை வாங்க இயலாதார்க்குப் பருப்பும் கடலையும் பெருந்துணை என்பதை அறிவியலாரும் உணர்ந்தனர். மைசூரில் 1950-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு மூன்று பங்கும் கடலைப் பருப்பு மாவு ஒரு பங்கும் கலந்து, உயிர்ச்சத்துகளும் சேர்த்து, 'பல்நோக்கு உணவு' என்னும் மாவை உருவாக்கினர்.

இத்தகைய மாவை வீட்டிலேயே செய்யலாம். கேழ்வரகு இரண்டு பங்கு, பொட்டுக்கடலை இரண்டு பங்கு, நிலக்கடலை ஒரு பங்கு எடுத்துக்கொள்க. கேழ்வரகை மணம் எழும்வரை வறுத்து அரைக்க. நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கிப் பொட்டுக்கடலையோடு சேர்த்துப் பொடிக்க. தனியே பொடித்தால் எண்ணெய் கசிந்து கட்டியாகும். 50 கிராம் மாவை நீரில் கட்டியின்றிக் கரைத்து, நன்றாகக் காய்ச்சி இறக்குக. இம்மாவட்டத்துப் பனைகள் தரும் கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேர்க்க. கஞ்சி ஆறிய பின்னரே பாலை ஊற்றுதல் வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் பால் திரியக்கூடும். மாவில் ஏறத்தாழ 8 கிராம் புரதமும், 200 மில்லிலிட்டர் பாலில் 6 கிராமும் உண்டு. ஆகவே, ஒரு குவளைப் பானம் மாணவன் ஒருவனது நாள் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அளிக்கும்.

ஒன்றை மறத்தலாகாது. கடற்காற்றின் ஈரத்தால் நிலக்கடலையில் பூசணம் பிடிக்கும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பூசண நஞ்சு கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. வறுத்தாலும் அந்நஞ்சு முற்றும் நீங்காது. ஆதலின், நிறம் மாறியவை, சுருங்கியவை, கசப்பவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிதல் வேண்டும். மாவையும் பதினைந்து நாட்களுக்கு வேண்டிய அளவே அரைத்து, காற்றுப் புகாத கலத்தில் வைத்தல் நன்று. நிலக்கடலை ஒவ்வாதார் அதனை அறவே நீக்கிப் பொட்டுக்கடலையை மிகுத்துக் கொள்ளலாம்.

விலை மிக்கதெல்லாம் சத்து மிக்கதன்று. படகு கரையில் நிற்கும் நாளிலும், அடுக்களையில் உள்ள தானியமும் பருப்பும் அறிவோடு சேருமாயின், பிள்ளைகளின் உடல் தளராது.