சிப்பி உண்ணாத ஊருக்குச் சிப்பி எதற்கு?

குடியாத்தத்தில் நம் வீட்டு அடுப்படிகளில் சிப்பி வேகுவதில்லை. நம்மில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறோம். கடலில் மீனைத் தவிர மற்றவற்றை உண்பதை அது அனுமதிப்பதில்லை. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் ஷாஃபிஈ மத்ஹபு என்பதால் அங்கே நிலை வேறு. இறால் மீன் வகையா இல்லையா என்பது ஆலிம்களிடம் கேட்க வேண்டிய செய்தி. அதற்குள் நாம் இங்கே போகவில்லை. நாம் உண்ணாத ஓர் உயிரைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? இம்மாதப் பாடம் அதுதான்.

முத்தைப் பற்றிக் குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்திலேயே ஓதுகிறோம். அந்த முத்து விளைவது சிப்பிக்குள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தலும் சங்கு வணிகமும் கீழக்கரை முஸ்லிம்களுக்குத் தலைமுறைத் தொழில். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961இல். அதன்பின் கடலடிப் படுகைகளில் சிப்பி பெருகவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அங்கேயே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும், பழைய சென்னைக் கட்டடங்களின் பளபளக்கும் சுவர்ப் பூச்சும் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தவை.

ஆனால் சிப்பியின் பெரிய வேலை அது உயிரோடு இருக்கும்போது நடக்கிறது. சிப்பி இரை தேடி அலைவதில்லை. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பாசியையும் துகள்களையும் வடித்து உண்டு, தெளிந்த நீரை வெளியே விடுகிறது. நன்கு வளர்ந்த ஒரு சிப்பி, சூழல் சரியாக இருந்தால், ஒரே நாளில் நூறு லிட்டருக்கும் மேல் வடிக்கும். நம் வீட்டில் இரண்டு பெரிய டிரம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் தெளிந்தால் வெயில் அடிவரை இறங்கும், கடற்புல் வளரும், மீன்குஞ்சுகளுக்கு மறைவிடம் கிடைக்கும். சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி எழும் திட்டு, கரையை அரிக்கும் அலையின் வேகத்தையும் குறைக்கும். அப்படியானால் நாம் உண்ணும் மீனுக்கும் சிப்பிக்கும் தொடர்பு உண்டு.

வடிகட்டியில் அழுக்கு தங்குவது போலச் சிப்பியின் சதையிலும் தங்கும். ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் அதில் சேர்ந்துகொண்டே போகும். கொதிக்க வைத்தாலும் நீங்காது. இதை வைத்தே கடலின் நலத்தை அறியலாம் என்று, அமெரிக்க அரசு 1986 முதல் தன் கரையோரச் சிப்பிகளைச் சேகரித்துச் சோதித்து வருகிறது. மீன் அழுக்கைக் கண்டால் விலகி ஓடும், சிப்பியால் ஓட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, அங்கே ஒட்டியிருந்தவை இருந்த இடத்திலேயே அதைத் தாங்க வேண்டியிருந்தது. சேற்றில் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களின் வருமானமும் அன்றே நின்றது.

எண்ணூர் எங்கே, நாம் எங்கே என்று தோன்றலாம். நம் கவுண்டன்ய ஆறு பாலாற்றில் கலக்கிறது. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலைச் சேர்கிறது. அந்தக் கரைப் பாறைகளில் பச்சைச் சிப்பி மண்டி வளரும். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் வரும் சுரங்கத்துக்குள்ளும் ஒட்டி வளர்ந்து பொறியாளர்களுக்குத் தலைவலி கொடுத்த உயிர் அது! ஆண்டின் பெரும்பகுதி ஆறு வறண்டு கிடப்பதால், நாம் கொட்டுவது மணலிலேயே கிடக்கிறது என்று நினைக்கிறோம். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்ததே, அப்படி ஒரு வெள்ளம் வந்தால் கிடந்ததெல்லாம் கிளம்பிவிடும். தோல் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டது பற்றி உச்ச நீதிமன்றம் 1996இலேயே கடுமையான தீர்ப்பு தந்தது. அந்தத் தொழிலில் நம் மக்களே முதலாளிகளாகவும் கூலிகளாகவும் இருக்கிறார்கள். எனவே இது பிறர்மேல் பழி போட்டு முடிக்கும் பேச்சல்ல.

தொழிற்கூடம் வைத்திருப்போர் கழிவு நீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே அனுப்ப வேண்டும். இரவில் கால்வாயில் திறந்துவிடக் கூடாது. லுங்கிக்குச் சாயம் போடும் வீடுகளுக்கும் இது பொருந்தும். மற்ற வீடுகளில் தீர்ந்த பேட்டரி, வண்டியில் மாற்றிய பழைய ஆயில், மீந்த பெயிண்ட் மூன்றையும் ஆற்றோரம் வீசாமல் தனியே ஒரு டப்பாவில் சேர்த்து, நகராட்சித் தூய்மைப் பணியாளர் வரும்போது சொல்லிக் கொடுங்கள்.