தேவாங்கின் உடம்பும் சித்தாந்த நெறியும்

தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்து, உயிர்கட்கு அவ்வவற்றின் வினைக்கீடாகக் கூட்டுவன் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. மக்கட் பிறப்பில் இந்நான்கும் அமைந்த முறையினைப் பெரியோர் பலபட விரித்துள்ளனர். விலங்கின்கண் அவை அமைந்த முறையினை ஓர் உயிரை எடுத்துக்கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வுயிர், திண்டுக்கல் நாட்டில் வாழும் தேவாங்கு.

திண்டுக்கல் நகரின் வடகிழக்கே, திருச்சிராப்பள்ளிச் சாலையில் உள்ளது அய்யலூர். அதனைச் சூழ்ந்த குன்றுகளிலும், அவற்றின் வடபாலுள்ள கடவூர் மலைகளிலும் முட்புதர்க் காடுகள் மிகுதி. இவையே தேவாங்கின் உறைவிடம். வேடசந்தூர், நத்தம், திண்டுக்கல் கிழக்கு ஆகிய வட்டங்களையும், கரூர் மாவட்டத்துக் கடவூர் வட்டத்தையும் சார்ந்த 11,806 ஹெக்டேர் காட்டினைத் தமிழக அரசு 2022 அக்டோபரில் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. இவ்வுயிர்க்கென இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் இதுவே.

முதற்கண் தனுவை நோக்குவாம். தேவாங்கின் உடம்பு ஏறத்தாழ ஒரு சாண் அளவினது. எடை கால் கிலோ அளவினது. வால் புறத்தே தோன்றாது. கைகால்கள் மிக மெலிந்து நீண்டவை. மெலிந்தாரை ‘தேவாங்கு’ என்று எள்ளுதல் நம்மவர் வழக்கு. ஆயின் அம்மெலிவு குறையன்று. முள்ளடர்ந்த நுண்கிளைகளினூடே ஓசையின்றி ஊர்ந்து செல்லுதற்கு அதனினும் ஏற்ற உடம்பு வேறில்லை. அதன் பிடி நெடுநேரம் தளராது.

இனிக் கரணம். இஃது இராக்காலத்து இயங்கும் உயிர். முகத்தின் பெரும்பகுதியைக் கண்களே கொள்ளும். விழியினுள்ளே ஒளியை மீளத் திருப்பும் ஒரு படலம் உண்டு. ஆதலின் சிற்றொளியிலும் பொருள் புலனாகும். விளக்கொளி படின் அக்கண்கள் தழல்போல் மின்னுதற்கும் அப்படலமே காரணம். இதனையறியாதார் அதனைப் பேயென அஞ்சினர்.

ஐம்பொறியேயன்றி மனமும் உண்டோ எனின், தொல்காப்பிய மரபியலுக்கு உரை கண்டோர் விலங்குகளுள் ஒருசாரனவற்றிற்கு ஆறாம் அறிவுண்டென்று கூறிக் குரங்கினை எடுத்துக்காட்டினர். இற்றை உயிர்நூலார் தேவாங்கினைக் குரங்கும் மக்களும் அடங்கிய பேரினத்துள்ளேயே வைப்பர். தாய்த் தேவாங்கு இரவில் தன் குட்டியை ஒரு கிளையில் விட்டு இரைதேடச் சென்று, விடியுமுன் மீண்டு வந்து எடுத்துக்கொள்ளும். விட்ட இடத்தை நினைவிற் கொண்டு மீளும் இச்செயல் உரையாசிரியர் கொள்கைக்கு அரண் செய்வதாம்.

போகமாவது அதன் நுகர்ச்சி. எறும்பு, கறையான், வண்டு முதலிய பூச்சிகளே பெரும்பாலும் அதற்கு உணவு. பயிருக்குக் கேடு விளைப்பனவும் அவற்றுள் அடங்குமாதலின், உழவர்க்கு அது செய்யும் உதவி பெரிது.

புவனம் என்பதன்கண்ணேதான் நம் பிழை நிகழ்கின்றது. தேவாங்கு தாவும் இயல்பினதன்று. ஒரு கிளையைப் பற்றிய பின்னரே மற்றொன்றை விடும். கிளையொடு கிளை தொடர்ந்திருத்தல் அதற்கு இன்றியமையாதது. வேலிமரங்களை வெட்டி அத்தொடர்பினை அறுப்பின், அது நிலத்திலிறங்கிச் சாலையைக் கடத்தல் வேண்டும். ஊர்திகளின்கீழ் அது மாய்தற்கும், மின்கம்பிகளைப் பற்றி இறத்தற்கும் இதுவே காரணம். மேலும், அதன் கண்ணும் உடலும் மருந்தாமென்றும் மாந்திரிகத்திற்கு உதவுமென்றும் கருதிப் பிடித்து வதைக்கும் கொடுமையும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இஃது இடம்பெற்றுள்ளது. ஆதலின் இதனைப் பிடித்தலும் கொல்லுதலும் குற்றமாம்.

ஈண்டு ஒரு தடை எழும். ‘துன்புறுதல் அவ்வுயிரின் பிராரத்தமாயின், துன்புறுத்துவார்க்குக் குற்றம் யாது?’ எனின், அறியாது கூறினாய். ஊட்டுவிப்போன் இறைவன். பிறிதோர் உயிரின் வினையை ஊட்டுக என்று அவன் நம்மை ஏவியதின்று. நாம் நம் விருப்பு வெறுப்பான் முயன்று செய்வது நமக்கு ஆகாமியமாய் ஏறும். அவ்வுயிரின் பிராரத்தம் அதனளவிற் கழிய, நம்முடையது புதிதாய் வளரும். ஆகலின் வினைக்கொள்கை கொலைக்குத் துணையாதல் இல்லை.

இன்னும், குரங்கும் அணிலும் காக்கையும் வழிபட்டுப் பேறு பெற்றமையாற் பெயர் பெற்றது திருக்குரங்கணின்முட்டம். அண்மையிலுள்ள மதுரையம்பதியிலோ கரிக்குருவி உபதேசம் பெற்றது. நாரை முத்தி பெற்றது. இவற்றைப் புராண படனத்தில் உருகிக் கேட்கும் நாம், நம்மூர் வேலியில் வாழும் ஓருயிரை அழகற்றதென்றும் தீநிமித்தமென்றும் ஒறுத்தல் எங்ஙனம் பொருந்தும்?

எண்பத்துநான்கு நூறாயிர யோனி பேதங்களுள் அதுவும் ஒன்று. நாம் நிற்கும் பிறப்பும் ஒன்று. இருவேமும் மலத்தாற் கட்டுண்ட பசுக்களே. திருமடங்களுக்கும் திருக்கோயில்களுக்கும் உரிய நிலங்களில் வேலிமரங்களையும் முட்புதர்களையும் தொடர்பறாது காத்தலும், அவற்றின் மருங்கு வாழ்வார்க்கு இவ்வுயிரின் இயல்பினை எடுத்துரைத்து அச்சம் நீக்குதலும் நம்மனோர் மேற்கொள்ளத்தக்க எளிய சிவபுண்ணியமாம் என்க.