யார் கண்ணால் பார்ப்பது

சிவகாசி

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ கேட்டது போனில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போடப் போகிறாய். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இயக்கமும் திரைக்கதையும் என்று அங்கே தனித்தனிப் பிரிவுகள். ‘ஒரு நல்ல படத்துக்கு இதில் எது ரொம்ப முக்கியமோ அதில் சேர்கிறேன்’ என்கிறாய். என் பதில் திரைக்கதை. இயக்குநர் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாய். உன் அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

திரைக்கதை என்றதும் நம் ஆட்களுக்கு வசனம்தான் ஞாபகத்துக்கு வரும். 1952-இல் வந்த ‘பராசக்தி’யை, வசனம் எழுதிய கலைஞரின் படம் என்றே உன் தாத்தா காலத்தவர்கள் சொன்னார்கள். கிருஷ்ணன்-பஞ்சு என்ற இரட்டை இயக்குநர்கள் எடுத்த படம் அது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்கு முன்பு பாகவதர் பாட்டுக்காகக் கூட்டம் போனது. 1977-இல் ‘16 வயதினிலே’ வந்த பிறகுதான் ‘யார் டைரக்‌ஷன்?’ என்று டீக்கடையில் கேட்கிற பழக்கம் பரவியது. படத்தில் யார் பெரியவர் என்ற எண்ணம் இப்படிக் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஆனால் பாடகர், வசனகர்த்தா, இயக்குநர் என்று யார் கொடி பறந்தபோதும், அவர்களுக்கு முன்னால் ஒருவர் தாளில் ஒரு முடிவை எடுத்திருக்கிறார். இது யாருடைய கதை, எங்கே தொடங்க வேண்டும், பார்க்கிறவனுக்கு எதை எப்போது தெரியவிட வேண்டும் என்ற முடிவு. அதைத்தான் திரைக்கதை என்கிறேன்.

பட்டாசு செய்கிற பயராபீஸ் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ, உனக்கு அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். வானத்தில் பூக்கும் பேன்சி ரகத்துக்குக் குழாய் சுற்றுகிறவர், திரி வைக்கிறவர், லேபிள் ஒட்டுகிறவர் என்று எத்தனையோ கை வேண்டும். யார் சொதப்பினாலும் சரக்கு கெட்டுப்போகும். ஆனால் மேலே போய்ப் பச்சையாக விரியுமா சிவப்பாக விரியுமா என்பது மருந்துக் கலவை அறையிலேயே முடிந்துவிடுகிறது. பேரியம் கலந்தால் பச்சை, ஸ்ட்ரான்சியம் கலந்தால் சிவப்பு. அதற்குப் பிறகு எந்தக் கைகாரர் வந்தாலும் நிறத்தை மாற்ற முடியாது.

நம் மண்ணிலேயே இதற்கு ஓர் அத்தாட்சி இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணியை நீ படித்தே ஆகவேண்டும். அவருடைய ‘வெக்கை’ 1982-இல் வந்த நாவல். அண்ணனைக் கொன்றவனைப் பழிதீர்த்துவிட்டு, பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம் தன் அய்யாவோடு காட்டிலும் மலையிலும் மறைந்து திரிகிறான். கதை முழுக்க அந்தப் பையனின் கண்தான். 2019-இல் வெற்றிமாறன் அதை ‘அசுரன்’ ஆக்கினார். அவரும் மணிமாறனும் சேர்ந்து எழுதிய திரைக்கதையில் கதை பையனிடமிருந்து தகப்பனுக்கு மாறிவிட்டது. நாவலில் இல்லாத ஓர் இளமைக்கால முன்கதை தகப்பன் சிவசாமிக்கு வந்தது. குடிசைகள் எரிகிற அந்தப் பகுதியைப் பார்க்கும்போது 1968-இன் கீழ்வெண்மணி நினைவுக்கு வராமல் இருக்காது. கொலை செய்த பையனின் கதை, அடங்கிப்போவதுபோல் தெரிகிற ஒரு மனிதர் ஏன் அப்படி ஆனார் என்ற கதையாகிவிட்டது.

யோசித்துப் பார். கதை பையனிடமே இருந்திருந்தால், வேல்ராஜின் கேமரா அவனையும் அதே அழகோடு படம் பிடித்திருக்கும். ஜி.வி. பிரகாஷ் அதற்கும் இசை அமைத்திருப்பார். தனுஷுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த அந்த நடிப்புக்கு மட்டும் இடமே இருந்திருக்காது. ஏனென்றால் அந்தச் சிவசாமி தாளில் பிறக்காமலே போயிருப்பார். எனக்கு நாவல்தான் ஒரு படி மேல். பையனும் அய்யாவும் பேசிக்கொண்டே நடக்கிற அந்த நெருக்கம் படத்தில் குறைந்துவிட்டது. ஆனால் இரண்டும் வேறுவேறு படைப்பாக நிற்பதற்குக் காரணம் கண் மாறியதுதான்.

அதே பூமணி தொண்ணூறுகளில் தானே ஒரு படம் எடுத்தார். ‘கருவேலம் பூக்கள்’. மழை பொய்த்த கரிசல் கிராமம், தீப்பெட்டி ஆபீஸுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற குடும்பங்கள். நாசரும் ராதிகாவும் நடித்தார்கள். இசை இளையராஜா, ஒளிப்பதிவு தங்கர் பச்சான், தயாரிப்பு தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம். இத்தனை பேர் கைகொடுத்தும் ‘அசுரன்’ போன தூரத்தில் சிறு பங்குகூட அது போகவில்லை. ‘எழுத்தாளரே எடுத்த படம்தானே, எழுத்துதான் முக்கியம் என்றால் அது ஏன் ஓடவில்லை?’ என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. படம் ஓடுவதற்கு நட்சத்திரம், விநியோகம், தியேட்டர், விளம்பரம் என்று வேறு கணக்குகள் இருக்கின்றன. நீ கேட்டது நல்ல படத்தைப் பற்றி. கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் வளர்ந்த நம் வீட்டுப் பெண்களை ஒரு தமிழ்ப் படம் உள்ளேயிருந்து பார்த்தது என்றால் எனக்கு முதலில் அந்தப் படம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பார்வை பூமணியின் எழுத்திலிருந்து வந்தது.

விருதுநகர் என்றால் ‘வெயில்’ இல்லாமல் பேச முடியாது. 2006-இல் நம்மூர்க்காரர் வசந்தபாலன் எடுத்தது, இயக்குநர் ஷங்கர் தயாரித்தது, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. மதியின் ஒளிப்பதிவில் அந்த வெயிலைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள். நானும் வியந்தேன். ஆனால் அந்தப் படம் இன்னும் மனதில் நிற்பதற்கு வேறு காரணம் உண்டு. படம் பார்க்கப் போனதற்காக அப்பாவிடம் அடிபட்டு ஓடிப்போய், ஒரு தியேட்டரிலேயே வளர்ந்து, எல்லாவற்றையும் இழந்து வீடு திரும்புகிற முருகேசன்தான் அந்தக் காரணம். ஜெயித்த தம்பியைச் சுற்றிக் கதை சொல்லியிருந்தால் நூற்றோடு நூற்றொன்றாகப் போயிருக்கும். தோற்றுப்போன அண்ணனை நடுவில் வைத்தது எழுதும்போது எடுத்த முடிவு. பசுபதி அதைத் தாங்கி நின்றார்.

ஆவணப் படத்தில் திரைக்கதை ஏது என்று நீ மடக்குவாய். சலம் பென்னூர்கர் 1990-இல் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ எடுத்தார். அங்கேயும் எந்த முகத்தோடு இருப்பது, எதை விடுவது என்று ஒருவர் முடிவு செய்யத்தான் வேண்டும். அந்த முடிவில் ஒரு பெரும்பகுதி படத்தொகுப்பு மேசையில் நடக்கும். அதனால் படத்தொகுப்பை நான் திரைக்கதையின் கடைசி வரைவு என்றே நினைக்கிறேன். இயக்கப் பிரிவில் உனக்கு இடம் கிடைக்காவிட்டால் யோசிக்காமல் அதில் சேர். ஒளிப்பதிவைத் தாழ்த்திச் சொல்லவில்லை. உனக்கு அதில் ஆசை இருக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இயக்குநராக வேண்டும் என்றாலும் எழுத்து வழியாகப் போ. மகேந்திரன் அப்படித்தான் வந்தார். 1974-இல் ‘தங்கப்பதக்கம்’ எழுதியவர், 1979-இல் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். பக்கத்து மல்லாங்கிணறுக்காரரான எஸ். ராமகிருஷ்ணன் ‘சண்டக்கோழி’க்கு வசனம் எழுதிக்கொண்டே நாவலையும் விடவில்லை. ‘சஞ்சாரம்’ அவருக்குச் சாகித்ய அகாதமி விருது பெற்றுத் தந்தது.

எழுதுகிறவருக்கு இந்தத் தொழிலில் நேர்கிற வலியையும் சொல்லாமல் விட முடியாது. போஸ்டரில் ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ என்று ஒரே பெயரில் நான்கையும் அச்சடிக்கிற வழக்கத்தில் எத்தனையோ உதவி இயக்குநர்களின் உழைப்பு மறைந்துபோகிறது. 2018-இல் ‘சர்கார்’ கதை விவகாரம் நீதிமன்றம் வரை போனது உனக்கு நினைவிருக்கும். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்து வைத்திருந்ததால்தான், கதை தன்னுடையது என்று சொன்ன உதவி இயக்குநரால் வாதாட முடிந்தது. நீ எழுதி முடிக்கிற எதையும் பதிவு செய்யாமல் யாரிடமும் சொல்லாதே. தெரிந்தவர், நல்லவர் என்று பார்க்காதே.

இன்னொன்று. சினிமாவில் நம் பக்கம் என்றால் அருவாள், இல்லையென்றால் வெடிவிபத்து. தீபாவளிக்குப் பிறகு ஆபீஸ் மூடிக் கிடக்கிற வாரங்களில் ஒரு வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள், முன்பணம் வாங்கியவள் அடுத்த ஆபீஸுக்கு ஏன் மாற முடியாது, விபத்தில் மகனைக் கொடுத்த தாய் மறுபடி அதே வேலைக்குப் போகிற முதல் நாள் எப்படி இருக்கும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். சென்னையில் யாருக்கும் தெரியாது. ஒரு வேண்டுகோள், விபத்து நடந்த இடத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. சில மாதம் கழித்து வெறுங்கையோடு போய் அவர்களோடு உட்கார். அவர்களாகச் சொன்னால் கேள்.

இப்போது செய்யவேண்டிய வேலை. என் அலமாரியில் ‘வெக்கை’ இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். நாவலை முடித்த பிறகுதான் ‘அசுரன்’ பார்க்க வேண்டும். முன்பே பார்த்திருந்தாலும் திரும்பப் பார். நாவலில் இருந்து எது போனது, எது புதிதாக வந்தது, கண் எந்த இடத்தில் மாறுகிறது என்று பக்கம் போட்டு எழுது. பிறகு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்வருகிற உன் சித்தியின் ஒரு நாளை, முதலில் அவள் கண்ணாலும், அடுத்து அவளை ஏற்றிப்போகிற வேன் டிரைவர் கண்ணாலும் இரண்டிரண்டு பக்கம் எழுதி அனுப்பு. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைக் குறிப்பது என்று அதைப் படித்துவிட்டுப் பேசுவோம்.

அன்புடன்,
பெரியப்பா