மேல்வகுப்பு மாணவரின் தேர்ச்சியும் பெற்றோரின் பங்கும்

எழுத்தறியாத பெற்றோர் பலர், மேல்வகுப்பில் பயிலும் மக்களுக்குத் தம்மால் உதவ இயலாது எனக் கருதி ஒதுங்கி நிற்கின்றனர். இக்கருத்து தவறானதாகும்.

குமரப் பருவத்தை எய்தும் மாணவர்களைப் பற்றிய 50 ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்களான நான்சி ஹில், டயானா டைசன் ஆகியோர் தொகுத்து ஆராய்ந்து, 2009-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். வீட்டுப் பாடத்தில் உதவுதல் தேர்ச்சியை உயர்த்துவதாக அவற்றில் தெளிவாகவில்லை. கல்வியின் பயனை எடுத்துரைத்தல், தம் எதிர்பார்ப்பைத் தெரிவித்தல், வருங்காலம் குறித்து உரையாடுதல் ஆகியவையே தேர்ச்சியுடன் மிக நெருங்கிய தொடர்புடையனவாகக் காணப்பட்டன. இவற்றிற்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை.

ஆகவே களப்பணியாளர் இல்லங்களுக்குச் செல்லுங்கால், ‘மேலே என்ன படிக்க விரும்புகிறாய்?’ என மக்களை அடிக்கடி வினவுமாறு பெற்றோரைத் தூண்டுதல் வேண்டும். ஆசிரியரும் குறை கூறுவதற்கு மட்டுமன்றி, நிறை கூறுவதற்கும் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்தல் நலம்.