பொண்ணு இன்ஜினியர் ஆகணும்னு சொன்னா, நாம என்ன செய்யணும்?



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பல பாடங்களை நாம் குழுவில் பேசியிருக்கிறோம். இந்த மாதப் பாடம் நம் பிள்ளைகளின் படிப்பு. பௌர்ணமி வந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பூவும், மோரும், சுண்டலும் விற்று, நாலு காசு சேர்க்கும் அம்மாக்கள் நம் திருவண்ணாமலையில் நிறைய பேர். காடு கழனியில் கூலி வேலை செய்து சேர்ப்பவர்களும் உண்டு. "நான் படிக்கல, என் பொண்ணாவது இன்ஜினியர் ஆகட்டும்" என்பதுதான் அவர்கள் ஆசை. ஆசை மட்டும் போதாது. வழி தெரிந்திருக்கணும். வழி தெரியாததால்தான் நல்லா படிக்கிற பொண்ணுக்கும் 18 வயசு ஆனதும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

முதல் படி: 10-ஆம் வகுப்பு முடிந்ததும்

இன்ஜினியரிங் வேலை +2 முடிந்த பிறகுதான் என்று நினைக்கிறோம். அது சரியில்லை. பிளஸ் ஒன் சேரும்போது எந்த குரூப் எடுக்கிறாளோ, அதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் உள்ள குரூப் வேண்டும். "கணக்கு கஷ்டம்" என்று கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்துவிட்டால், பிறகு மனசு மாறினாலும் இன்ஜினியரிங் கதவு பெரும்பாலும் மூடிவிடும். கணிதத்தோடு உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் மற்ற படிப்புகளுக்கும் வழி இருக்கும்.

+2 படிக்க வசதிப்படாதவர்களுக்கு இன்னொரு வழி பாலிடெக்னிக். 10-ஆம் வகுப்பு முடித்து மூன்று வருடம் டிப்ளமோ படித்தால், பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ப.வீரமுத்துவேல், நம் பக்கத்து ஊரான விழுப்புரத்துக்காரர். ரயில்வே பள்ளியில் படித்து, டிப்ளமோ முடித்து, அதன் பிறகுதான் பி.இ. சேர்ந்தார்.

கட்-ஆப் கணக்கு

முன்பு இன்ஜினியரிங் சேர நுழைவுத் தேர்வு இருந்தது. டவுனில் டியூஷன் போன பிள்ளைகளுக்குத்தான் அது வசதி. 2007 முதல் அது இல்லை. +2 மதிப்பெண்தான் கணக்கு. கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. மொத்தம் 200.

ஒரு பொண்ணு கணிதத்தில் 88, இயற்பியலில் 74, வேதியியலில் 82 எடுத்தால், 88 + 37 + 41 = 166. இதுதான் அவள் கட்-ஆப். பாருங்கள், கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆப் ஒன்று கூடுகிறது. மற்ற இரண்டில் அரைதான் கூடுகிறது. அதனால் கணிதத்துக்கு நேரம் அதிகம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

கவுன்சலிங்கும் சான்றிதழும்

அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. அதற்கு முன்பு சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் இல்லை என்று கவலை வேண்டாம். மாவட்டத்தில் உள்ள உதவி மையத்தில் பதிவு செய்து தருவார்கள்.

கல்லூரி விருப்பப் பட்டியல் போடும்போது நாலைந்தோடு நிறுத்தக் கூடாது. மிகவும் பிடித்ததை முதலில் வைத்து, வரிசையாக நிறைய எழுதணும். வரிசை மாறினால் கிடைக்கிற கல்லூரியும் மாறும்.

சான்றிதழ்களை +2 படிக்கும்போதே வாங்கி வையுங்கள்:
- சாதிச் சான்றிதழ். ஜவ்வாது மலை உறுப்பினர்கள் இதை முதல் வேலையாகச் செய்யணும்
- வருமானச் சான்றிதழ்
- முதல் பட்டதாரி சான்றிதழ்
- 6 முதல் 12 வரை எந்தப் பள்ளி என்பதற்கான விவரம்

பெரும்பாலானவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள். நாம் முந்திக்கொள்ளணும்.

பணத்துக்கு எங்கே போவது?

பலர் பின்வாங்குவது இங்கேதான். ஆனால் உதவிகள் இருக்கின்றன.

ஒன்று: 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-இல் வந்த சட்டப்படி 7.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு. இதில் இடம் கிடைத்தவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அந்த வருடமே அறிவிக்கப்பட்டது. இங்கே ஒரு எச்சரிக்கை. "இங்கிலீஷ் மீடியம்" என்று 9-ஆம் வகுப்பில் கடன் வாங்கி தனியார் பள்ளிக்கு மாற்றினால், இந்த உரிமை போய்விடும். மாற்றும் முன் இரண்டு தரம் யோசியுங்கள்.

இரண்டு: குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லையென்றால், கவுன்சலிங் மூலம் சேரும் முதல் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணச் சலுகை. 2010 முதல் வந்தது.

மூன்று: பெண் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் பிரகதி உதவித்தொகை. தேர்வானால் வருடம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கணும்.

நான்கு: வங்கிக் கல்விக் கடன். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டத் தேவையில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். முடிந்தால் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டினால் பின்னால் சுமை குறையும்.

குழுவின் உள்கடனைப் புத்தகம், பெட்டி, முதல் மாதச் செலவு போன்ற சின்னத் தேவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருடப் படிப்பை மீட்டர் வட்டியில் ஓட்ட முடியாது.

ஏமாறாமல் இருக்க

ரிசல்ட் வந்ததும் வீடு தேடி புரோக்கர் வருவார். "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க, சீட் போயிடும்" என்பார். அவசரப்பட வேண்டாம். கவுன்சலிங்கில் கிடைக்கிற இடத்துக்கு யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை. நன்கொடை கேட்டால் கட்டாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழை இடைத்தரகர் கையில் கொடுக்கவே கூடாது. கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்த்து மயங்காமல், அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் அந்தக் கல்லூரியில் எத்தனை பேர் பாஸ் என்று கேளுங்கள். நம் மாவட்டத்திலேயே ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. அதையும் பட்டியலில் வைக்கச் சொல்லுங்கள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு ஒரு பதில், சென்னையில் பிறந்த ஏ.லலிதா. 15 வயதில் கல்யாணம். 1937-இல், 18 வயதில் கணவரை இழந்தார். கையில் 4 மாதப் பெண் குழந்தை. அப்படியும் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1943-இல் மின் பொறியியல் முடித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பக்ரா நங்கல் அணைத் திட்ட வேலையிலும் அவர் பங்கு உண்டு.

இன்னொரு பதில், செங்கோட்டை நிகார் ஷாஜி. விவசாயி மகள். அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவர். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய ஆதித்யா-எல்1 திட்டத்துக்கு அவர்தான் இயக்குநர்.

இவர்களுக்கெல்லாம் பின்னால் "படி" என்று சொல்ல ஒருவராவது இருந்திருப்பார். அந்த ஒருவராக நாம் இருப்போம்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் 9, 10, 11, 12-ஆம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? பெயர் எழுதுங்கள்.
2. யார் யாரிடம் சாதிச் சான்றிதழ் இன்னும் இல்லை? இ-சேவை மையத்துக்கு எந்த நாள் சேர்ந்து போகலாம்?
3. பிளஸ் ஒன் குரூப் பற்றிப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுவர யார் பொறுப்பு?
4. படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசும் வீடு நம் தெருவில் இருந்தால், யார் போய்ப் பேசுவது?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். எழுதி வைத்தால்தான் அடுத்த மாதம் கேட்க முடியும்.