கடைத்தெருவில் அடம்பிடிக்கும் குழந்தை

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் சிலர், சளி, காய்ச்சல் பற்றிக் கூறி முடித்தபின் தயக்கத்துடன் இன்னொன்றையும் சொல்வதுண்டு. ஜவுளிக்கடையின் நடுவே குழந்தை தரையில் விழுந்து புரண்டு அழுதது. கடையே திரும்பிப் பார்த்தது. 'பிள்ளை வளர்த்திருக்கும் இலட்சணம்' என்று யாரோ காதுபடவே கூறினார்கள். இதற்கு மருந்து உண்டா என்று கேட்பார்கள்.

மருந்து இல்லை, தேவையும் இல்லை. 1 முதல் 4 வயது வரை அடம்பிடித்தல் வளர்ச்சியின் இயல்பான பகுதியே. ஆசையையும் சினத்தையும் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர இருபது வயதுக்கு மேலாகும். இரண்டு வயதுக் குழந்தைக்கு வேண்டியதைச் சொல்லப் போதிய சொற்களும் இல்லை. இத்துடன் பசி, தூக்கம், இரைச்சல், நெரிசல் ஆகியவை சேர்கின்றன. பெரியவர்களின் இடுப்புக்கும் கீழான உயரத்திலிருந்து பார்த்தால் கடைத்தெருவில் கால்களும் பைகளுமே தெரியும். பல்பொருள் அங்காடிகளில் பணம் செலுத்தும் இடத்தருகே மிட்டாய்கள் குழந்தையின் கண்மட்டத்தில் அடுக்கப்பட்டிருப்பதும் தற்செயலன்று.

ஒன்பது முறை மறுத்துவிட்டு, பிறர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் பத்தாம் முறை வாங்கிக் கொடுப்பதுதான் அடத்தை உறுதிப்படுத்துகிறது. விடாமல் அழுதால் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. அடிப்பதாலும் பயனில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைவிட்டு வெளியே வந்து, அருகிலேயே அமைதியாக நின்றால் போதும். ('அந்த மாமாவுக்கு ஏன் முடியே இல்லை?' என்று உரக்கக் கேட்கும் மூன்று வயதுக் குழந்தைக்குச் சிகிச்சை வேண்டியதில்லை. அந்த மாமாவிடம் ஒரு புன்னகையுடன் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.)

ஆனால் ஒரு நிலையைத் தனியே அறிந்திருக்க வேண்டும். சில குழந்தைகள் வீறிட்டு அழும்போது மூச்சை வெளியே விட்ட நிலையில் அப்படியே நின்றுவிடுவார்கள். உதடு நீலம் பாரிக்கும். உடல் விறைக்கும் அல்லது துவளும். நினைவும் சற்றுத் தவறலாம். 'ஏங்கிப் போய்விட்டது' என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவது பெரும்பாலும் இதையே. வலிப்பு என்றெண்ணிக் கையில் சாவியைத் திணிப்பதும், வாயில் நீரூற்றுவதும், பிடித்து உலுக்குவதும் நம் ஊர்களில் வழக்கம். இவை மூன்றும் கூடாது. வாயில் ஊற்றிய நீர் நுரையீரலுக்குள் செல்லக்கூடும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலை எதிலும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பிவிடும்.

இது குழந்தை வேண்டுமென்றே செய்வதன்று. தன்னிச்சையான உடல் எதிர்வினை. பொதுவாக 6 மாதத்துக்கு மேல் தொடங்கி, ஆறு வயதுக்குள் மறைந்துவிடும், மூளையைப் பாதிப்பதில்லை. ஆனால் இக்குழந்தைகள் பலரிடம் இரும்புச்சத்துக் குறைபாடு காணப்படுகிறது. அதைச் சரிசெய்தாலே பலருக்கு இந்நிகழ்வுகள் குறைகின்றன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஆகவே ஓர் எளிய இரத்தப் பரிசோதனை அவசியம். சோறு உண்ண மறுக்கிறது என்பதற்காக நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் கொடுத்துவருவது இக்குறைபாட்டுக்கு முக்கியக் காரணம். பாலைக் குறைத்து, கீரை, பயறு, முட்டை, ஈரல் ஆகியவற்றைக் கொடுங்கள். உடன் நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். இரும்புச்சத்து மருந்தை மருத்துவர் கூறும் அளவில் மட்டுமே தரவேண்டும், மிகுந்தால் நஞ்சாகும்.

அழுகையோ அதிர்ச்சியோ வலியோ இன்றித் திடீரென மயங்குதல், ஓடி விளையாடும்போது மயங்குதல், நெடுநேரம் கைகால் வெட்டியிழுத்தல், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் தாமதியாமல் வாருங்கள். இதயத் துடிப்புக் கோளாறும் இவ்வாறே தோன்றக்கூடும் என்பதால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்போம். ஒரு நிமிடம் கடந்தும் மூச்சு திரும்பாவிடில் 108-ஐ அழையுங்கள். உடனிருப்பவர் எவரேனும் கைப்பேசியில் அந்நிகழ்வைப் படம்பிடித்து வந்தால், வலிப்பா அன்றா என்று பிரித்தறிய அது எங்களுக்குப் பெரிதும் உதவும்.