ஆங்கிலம் கற்போம்: ‘புட்’ என்ற சொல்லும் அதன் வாலும்

வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் தம்பி ஒருவருக்குத் தொலைபேசி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் இருப்பவர் வேகமாக ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார்: ‘தி இன்டர்வியூ ஹேஸ் பீன் புட் ஆஃப் டில் மன்டே.’ தம்பியின் காதில் விழுந்தது ‘இன்டர்வியூ’, ‘ஆஃப்’ என்ற இரண்டும்தான். லைட் ஆஃப், ஃபேன் ஆஃப், அதுபோல இன்டர்வியூவும் ஆஃப் என்று அவர் எண்ணிக்கொண்டால், திங்கட்கிழமை வீட்டில் இருந்துவிடுவார். கிடைக்க வேண்டிய வேலை வேறொருவருக்குப் போகும்.

சொல்லப்பட்டது இதுதான்: நேர்முகத் தேர்வு திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. ரத்து என்றால் ‘கால்ட் ஆஃப்’ என்று சொல்லியிருப்பார்கள். ‘புட் ஆஃப்’ தள்ளிப்போடுவது, ‘கால் ஆஃப்’ கைவிடுவது. சந்தேகம் வந்தால் தயங்காமல் ‘வாட் இஸ் தி நியூ டேட்?’ என்று கேட்டுவிடுங்கள். புதிய தேதி ஒன்று இருந்தால் அது தள்ளிப்போனது, இல்லையென்றால் ரத்து.

இப்படி ஒரு வினைச்சொல்லோடு ஆன், ஆஃப், அவுட், அப், டவுன் போன்ற சிறு சொல் ஒன்று சேர்ந்து புதுப் பொருள் தருவதை ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்பார்கள். அந்தச் சிறு சொல்லை நாம் வசதிக்காக ‘வால்’ என்றே சொல்லிக்கொள்வோம். பிற நாட்டார் ஆங்கிலம் கற்கும்போது மிகவும் தடுமாறும் இடம் இதுதான் என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். ஆகவே தடுமாறுகிறவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

நம் தமிழிலும் இது உண்டு. ‘போடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சோறு போடுகிறோம், சண்டை போடுகிறோம், வேலையைத் தள்ளிப்போடுகிறோம். இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்தவரைப் பார்த்து ‘உடம்பு போட்டிருக்கீங்களே’ என்கிறோம். எந்த ஆசிரியரும் இவற்றைப் பட்டியலிட்டு நமக்குக் கற்பிக்கவில்லை. போடு என்றால் கீழே எறிவது என்று மட்டும் படித்துவிட்டு வந்த வெளிநாட்டவர் ஒருவர் ‘விருந்தாளிக்குச் சோறு போடு’ என்று கேட்டால் திகைத்துப் போவார். ‘புட்’ முன்னால் நாம் நிற்பதும் அப்படித்தான். ஆனால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மேலே சொன்னவற்றில் மூன்றுக்கு ஆங்கிலத்திலும் ‘புட்’ வந்துவிடுகிறது: சட்டை போடுவது ‘புட் ஆன்’, உடம்பு போடுவது ‘புட் ஆன் வெயிட்’, தள்ளிப்போடுவது ‘புட் ஆஃப்’. சோற்றுக்கும் சண்டைக்கும் மட்டும் அதை இழுக்காதீர்கள். அங்கே ‘சர்வ்’, ‘ஃபைட்’ என்று வேறு சொற்கள் உண்டு.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கட்’, ‘நட்’ என்று சொல்லிப் பழகிய வாய் இதையும் ‘பட்’ என்றுதான் சொல்லப் பார்க்கும். புத்தகத்தில் வரும் ‘பு’தான் இதில் வருகிறது. அதற்காகப் ‘புட்டு’ என்று நீட்டவும் வேண்டாம். அது காலைப் பசியாறல். இறந்த காலத்திலும் இந்தச் சொல் மாறுவதில்லை. இன்றும் ‘புட்’, நேற்றும் ‘புட்’, ‘ஹேவ்’ சேர்ந்தாலும் ‘புட்’. ஹி, ஷி, இட் வரும் நிகழ்காலத்தில் மட்டும் ‘புட்ஸ்’.

‘புட் ஆன்’ பற்றிச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் இதில் ‘வேர்’ என்ற சொல்லைக் குழப்பிக்கொள்கிறார்கள். ‘புட் ஆன் யுவர் ஹெல்மெட்’ என்று மேற்பார்வையாளர் சொன்னால், தலைக்கவசத்தைப் போட்டுக்கொள் என்று பொருள். ‘ஐ ஆம் வேரிங் மை ஹெல்மெட்’ என்றால் போட்டிருக்கிறேன். போட்டுக்கொள்வது ஒரு நொடிச் செயல். போட்டிருப்பது அதன் பிறகு நீடிக்கும் நிலை. தமிழில் இந்த வேறுபாட்டை நாம் பிசகாமல் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பேசும்போதும் முதலில் தமிழில் ‘கொள்’ வருகிறதா, ‘இரு’ வருகிறதா என்று மனதில் கேட்டுப் பார்த்தால் போதும்.

வாலை அறவே விட்டுவிடுவது நம்மவர்களின் இன்னொரு வழக்கம். ‘ஃபேனைப் போடு’ என்பதை அப்படியே ‘புட் தி ஃபேன்’ என்கிறோம். ஆங்கிலம் தாய்மொழியான ஒருவர் இதைக் கேட்டால், ஃபேனை எங்கே வைப்பது என்று திருப்பிக் கேட்பார். ‘புட் தி ஃபேன் ஆன்’ என்று சொல்ல வேண்டும். அதுபோல ‘வேர் ஆர் யூ புட் அப்?’ என்று நம் நாட்டில் தங்குமிடம் விசாரிப்பார்கள். வெளிநாட்டில் இது எடுபடாது. ‘வேர் ஆர் யூ ஸ்டேயிங்?’ என்பதே நல்லது. ஒருவரை வீட்டில் தங்க வைப்பதற்கு ‘புட் அப்’ பயன்படும்: ‘மை அங்கிள் புட் மீ அப் ஃபார் டூ டேஸ்.’ மாமா என்னை இரண்டு நாள் தங்க வைத்தார்.

‘புட் அவுட்’ உயிர் காக்கும் சொல். ‘புட் அவுட் தி ஃபயர்’ என்றால் தீயை அணை. ‘அவுட்’ என்றவுடன் ‘வெளியே கொண்டு போ’ என்று புரிந்துகொண்டு, எரியும் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் என்ன ஆகும்? மின்சாரம், எண்ணெய், எரிவாயு புழங்கும் இடங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. ‘புட் அவுட் யுவர் சிகரெட்’ என்றாலும் அணைக்கத்தான் சொல்கிறார்கள். ஆனால் மருத்துவர் ‘புட் யுவர் டங் அவுட்’ என்றால் நாக்கை வெளியே நீட்டு. தீ, விளக்கு, சிகரெட் போல எரிவதோடு வந்தால் அணைப்பது. உடலின் உறுப்போடு வந்தால் நீட்டுவது.

அலுவலகத்திலும் தொலைபேசியிலும் வருபவை எளியவை. படிவத்தைக் காட்டி ‘புட் டவுன் யுவர் நேம்’ என்றால் பெயரை எழுதச் சொல்கிறார்கள். ‘புட் டவுன் தி பேக்’ என்றால் பையைக் கீழே வை. ஒருவரைப் பலர் முன் மட்டம் தட்டுவதும் ‘புட் டவுன்’தான். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசும் சகோதரிகள் ‘ப்ளீஸ் புட் மீ த்ரூ டு தி டாக்டர்’ என்று சொல்லலாம்: மருத்துவருக்கு இணைப்புக் கொடுங்கள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது ‘புட் பேக்’, பணத்தை ஒதுக்கி வைப்பது ‘புட் அசைட்’.

இனி வாலை எங்கே வைப்பது என்ற கேள்வி. பெயர்ச்சொல் வந்தால் இரண்டு வழியும் சரி: ‘புட் ஆஃப் தி மீட்டிங்’ என்றும் சொல்லலாம், ‘புட் தி மீட்டிங் ஆஃப்’ என்றும் சொல்லலாம். இட், தெம், மீ, ஹிம் போன்ற சுட்டுச் சொல் வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: ‘புட் இட் ஆஃப்.’ ‘புட் ஆஃப் இட்’ என்பது பிழை. இதற்குக் கட்டுப்படாத ஒன்று ‘புட் அப் வித்’. இரண்டு வால் உள்ள இதைப் பிரிக்கவே முடியாது. ‘ஐ கான்ட் புட் அப் வித் இட்’ என்றால், என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

தள்ளிப்போடுவதற்கு ‘போஸ்ட்போன்’, அணைப்பதற்கு ‘எக்ஸ்டிங்விஷ்’, பொறுத்துக்கொள்வதற்கு ‘டாலரேட்’ என்று பள்ளியில் படித்தோமே, அவை என்ன ஆயின? 1066இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஏறிக்கொண்டது. கல்விக்கு லத்தீன் இருந்தது. வீட்டிலும் வயலிலும் பழைய ஆங்கிலத்தின் குட்டிச் சொற்கள் தங்கிவிட்டன. பெரிய சொற்கள் கடிதத்துக்கு, குட்டிச் சொற்கள் வாய்க்கு என்ற பிரிவு பெருமளவு இன்றும் இருக்கிறது. இத்தனைக்கும் ‘போஸ்ட்போன்’ என்பதன் லத்தீன் வேரைப் பிரித்தால் ‘பின்னால் வை’ என்றுதான் வருகிறது! நாம் வங்கியில் சொல்லும் ‘டெபாசிட்’டும் அதே வேர்தான்: கீழே வைத்தல்.

நம் பள்ளிகள் பெரும்பாலும் கடித ஆங்கிலத்தையே கற்றுத் தந்தன. வாய் ஆங்கிலத்தை வேலைக்குப் போன இடத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளும் ஒரு மேற்பார்வையாளர் முன்னால் விழிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது நம் கருத்து. விண்ணப்பத்தில் ‘போஸ்ட்போன்’ என்றே எழுதுங்கள், அதுதான் மரியாதை. பேசும்போது ‘புட் ஆஃப்’ என்று சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, பிறர் சொல்லும்போது புரிந்துகொள்ளுங்கள்.

இருபது முப்பது தொடர்களை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வேண்டாம். மூன்றாம் நாள் எல்லாம் கலந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு வால் போதும். அதை வைத்து உங்கள் வீட்டில் உண்மையாக நடந்த ஒன்றைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதி உரக்கப் படியுங்கள். அண்ணன் தங்கை சேர்ந்து ஒருவர் தமிழில் சொல்ல மற்றவர் ஆங்கிலத்தில் சொன்னால் இன்னும் விரைவாகப் பதியும்.

பின்வரும் ஐந்தையும் இன்று ‘புட்’ கொண்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கூட்டத்தைப் புதன்கிழமை வரை தள்ளிப்போட்டார்கள். சாவியை எடுத்த இடத்தில் வை. நான் மாதம் 500 ரூபாய் ஒதுக்கி வைக்கிறேன். இந்தச் சத்தத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. விடைகளை அடுத்த இதழில், ‘டேக்’ என்ற சொல்லின் வால்களோடு சேர்த்துத் தருகிறோம்.